ஒன்றரை ஷிப்டை எதிர்ப்பது எப்படி? பேசுவதா, புகார் கொடுப்பதா, விட்டுவிட்டுப் போவதா?

திருப்பூரில் யாரிடமாவது நேற்று எவ்வளவு நேரம் வேலை என்று கேட்டால் மணிக்கணக்கில் பதில் வராது. "ஒன்றரை ஷிப்டுங்க" என்பார்கள். காலை எட்டரைக்கு மிஷினில் உட்கார்ந்து மாலை ஐந்தரைக்கு எழுந்தால் ஒரு ஷிப்ட். டீ குடித்துவிட்டு வந்து ராத்திரி ஒன்பது, ஒன்பதரை வரை இழுத்தால் ஒன்றரை. ஷிப்மென்ட் வாரத்தில் நள்ளிரவைத் தாண்டினால் இரண்டு. ஊரே இப்படிக் கணக்குப் போட்டுப் பழகிவிட்டதால் அந்தச் சொல்லுக்குள் இருக்கும் நஷ்டம் கண்ணில் படுவதில்லை. நாலு மணி நேரக் கூடுதல் வேலைக்கு அரை ஷிப்ட் கூலி என்றால், மணிக்கு அதே பழைய ரேட்தான். சட்டப்படி அந்த நாலு மணி நேரத்துக்கு இரட்டிப்பு வர வேண்டும். அப்படிக் கொடுத்திருந்தால் அன்றைய சம்பளம் இரண்டு ஷிப்ட்.

ரூபாயில் போட்டுப் பார்த்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். ஷிப்டுக்கு 480 ரூபாய் வாங்குகிற ஒருவருக்கு மணிக்கு 60. நாலு மணி நேர ஓ.டி.க்கு, அதாவது ஓவர்டைமுக்கு, அவர் கையில் கொடுப்பது 240. கொடுத்திருக்க வேண்டியது 480. வாரத்துக்கு நாலு ராத்திரி நின்றால் 960 ரூபாய் குறைகிறது. வருடத்துக்கு 50 வாரம் என்று வைத்தால் 48,000. அது நூறு நாள் கூலி.

நான் ஆறு வருடம் ஒரு பனியன் கம்பெனியில், வருகை நேரத்தைப் பதிவு செய்யும் டைம் ஆபீஸில் வேலை பார்த்தேன். மாலை ஐந்தரைக்கு எல்லோரையும் வரிசையாக நிறுத்தி பஞ்ச் போடச் சொல்வோம். போட்டுவிட்டு அவர்கள் கேட்டுக்குப் போக மாட்டார்கள், திரும்ப லைனுக்குப் போவார்கள். அதன் பிறகு நடக்கும் வேலை வேறொரு ரிஜிஸ்டரில் ஏறும். பச்சை காலிகோ அட்டை போட்ட நீள நோட்டு அது. ஆடிட் வருகிற நாளில் அதை மேனேஜர் தன் காரில் எடுத்துக்கொண்டு போய்விடுவார். அந்த நோட்டில் நான் என் கையால் எழுதியிருக்கிறேன். அதனால்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

ஓ.டி. விஷயத்தில் கம்பெனியை எதிர்த்து நிற்க நினைக்கிறவர்கள் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "என்ன பண்ணலாங்க?" நான் திருப்பிக் கேட்பது, "உங்களுக்கு எது வேணும்?" கட்டாயப்படுத்தி நிறுத்தி வைப்பது நிற்க வேண்டுமா? இனிமேல் டபுள் ரேட் வர வேண்டுமா? இதுவரை பிடித்து வைத்த பணம் வேண்டுமா? கேட்கும்போது மூன்றும் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆனால் ஒவ்வொன்றுக்கும் வழி வேறு. முதலாவதற்கான வழியில் நடந்து மூன்றாவதை எதிர்பார்த்து ஏமாந்தவர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

சட்டம் எங்கே நிற்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 1948ஆம் வருடத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 59ஆவது பிரிவு, நாளுக்கு 9 மணி நேரத்தையோ வாரத்துக்கு 48 மணி நேரத்தையோ தாண்டிய வேலைக்கு இரு மடங்கு ஊதியம் என்று சொன்னது. ஆறு நாளும் முழு ஷிப்ட் வந்தவருக்கு 48 மணி அங்கேயே முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் செய்வது எல்லாமே ஓ.டி.தான். "பீஸ் ரேட்காரங்களுக்கு ஓ.டி. கிடையாது" என்று பவர் டேபிள் டெய்லர்களிடம் சொல்வார்கள். அது பொய். பீஸ் ரேட்டில், அதாவது தைத்த எண்ணிக்கைக்குக் கூலி வாங்கி, வேலை செய்கிறவரின் முந்தைய மாத சராசரியை எடுத்து மணிக் கூலி கணக்கிட வேண்டும் என்று அதே பிரிவு வழி சொல்லியிருந்தது. மூன்று மாதத்துக்கு ஓ.டி. மொத்தம் 50 மணி நேரம், விசேஷ விலக்கு வாங்கினால் 75 என்று வரம்பும் இருந்தது. வாரம் நாலு ராத்திரி நிற்கிறவருக்கு மூன்று மாதத்தில் 208 மணி நேரம் ஆகிவிடும். இரண்டாவது ரிஜிஸ்டர் எதற்கு என்று இப்போது புரியும்.

2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்து பழைய சட்டங்களின் இடத்தைப் பிடித்தன. அவற்றில் தொழிலாளிக்குப் பாதகமானவை உண்டு, அதைப் பின்னால் சொல்கிறேன். ஆனால் இரட்டிப்பு ஊதியம் அப்படியே இருக்கிறது. கூடவே ஒரு வரி வந்திருக்கிறது: தொழிலாளியின் சம்மதம் இருந்தால்தான் ஓ.டி. வாங்க முடியும். பணிப் பாதுகாப்புத் தொகுப்பின் 27ஆவது பிரிவு அது. இந்த ஒரு வரியை மனப்பாடம் செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

"அர்ஜென்ட் ஷிப்மென்ட், ஏர்ல போனா கம்பெனிக்கு நஷ்டம், இந்த ஒரு மாசம் பார்த்துக்குங்க" என்பதுதான் எப்போதும் வரும் பதில். அதற்கு உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பே இருக்கிறது. கொரோனா சமயத்தில், 2020 ஏப்ரலில், குஜராத் அரசு ஒரு அறிவிக்கை போட்டது. தொழிற்சாலைகளில் நாளுக்கு 12 மணி நேரம் வேலை வாங்கலாம், கூலி அதே விகிதத்தில் கொடுத்தால் போதும் என்றது. அதில் உதாரணமும் இருந்தது: 8 மணி நேரத்துக்கு 80 ரூபாய் என்றால் 12 மணி நேரத்துக்கு 120 ரூபாய். அசல் திருப்பூர் ஒன்றரை ஷிப்ட். குஜராத் மஸ்தூர் சபா என்ற தொழிற்சங்கம் வழக்குப் போட்டது. 2020 அக்டோபர் 1 அன்று உச்ச நீதிமன்றம் அந்த அறிவிக்கையை ரத்து செய்து, வேலை செய்தவர்களுக்கு இரட்டிப்பு ஓ.டி. கொடுக்கச் சொன்னது. பெருந்தொற்றையே காரணமாக ஏற்காத கோர்ட், கன்டெய்னர் தேதியை ஏற்குமா?

சரி, வழிகளுக்கு வருவோம்.

சூப்பர்வைசரிடம் தனியாகப் போய்ப் பேசுவதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அவர் கையில் ரேட் இல்லை, ரிஜிஸ்டரும் இல்லை. நல்ல மனிதராக இருந்தால் ஒரு நாள் சீக்கிரம் அனுப்புவார், அவ்வளவுதான். குழந்தைக்குக் காய்ச்சல், ஊரில் நோம்பி என்றால் இது போதும். உரிமை கேட்பதற்கு உதவாது. தனியாகப் போய்க் கேட்டவரின் பெயர் மட்டும் அன்றைக்கே மேலே போய்விடும்.

விட்டுவிட்டுப் போவதை நான் ஒருபோதும் கோழைத்தனம் என்று சொல்ல மாட்டேன். சீசன் நேரத்தில் ஆள் கிடைக்காமல் கம்பெனிகள் திணறும்போது, ரோட்டுக்கு அந்தப் பக்கம் பத்து ரூபாய் கூட கிடைத்தால் போவதில் தப்பே இல்லை. முதுகுத்தண்டு தேய்ந்த டெய்லருக்கும், ராத்திரி பத்து மணிக்கு வீடு திரும்பும்போது பிள்ளைகள் தூங்கிப்போயிருப்பதைப் பார்த்து அலுத்த அம்மாவுக்கும் அது சரியான முடிவாகக்கூட இருக்கும். ஆனால் அந்தப் பக்கக் கம்பெனியிலும் ஒன்றரை ஷிப்ட்தான் இருக்கும். போகிற அவசரத்தில் "எனக்கு வர வேண்டிய பாக்கி எதுவும் இல்லை" என்று எழுதிய தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். அதை மட்டும் செய்யாதீர்கள். சம்பள பாக்கியையும் பி.எஃப். பாரத்தையும் காட்டி அந்தத் தாளில் கையெழுத்து கேட்பார்கள். வேலையை விட்ட பிறகும் பழைய ஓ.டி. பணத்தைக் கேட்க முடியும். அந்தக் கதவை நீங்களே சாத்திவிட்டுப் போக வேண்டாம்.

வேலையிலேயே இருக்க வேண்டும், கட்டாயம் மட்டும் நிற்க வேண்டும் என்று நினைக்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது கூட்டுக் கடிதம்.

நான் இருந்த கம்பெனியிலேயே இது நடந்தது. செக்கிங் செக்‌ஷனில் 14 பெண்கள். சனிக்கிழமை சம்பள நாள், அன்றைக்கும் ஒன்பதரை வரை நிறுத்தினால் மளிகை வாங்கக் கடை இருக்காது. ஊருக்குப் போகிறவர்களுக்குக் கடைசி பஸ் போய்விடும். எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டு ஒரு கடிதம் எழுதினார்கள். ஒரு பக்கம்தான். "நாங்கள் செக்கிங் பிரிவில் வேலை செய்கிறோம். சனிக்கிழமைகளில் மாலை 5.30க்கு மேல் வேலை செய்ய எங்களுக்குச் சம்மதம் இல்லை. மற்ற நாட்களில் செய்யும் கூடுதல் நேரத்துக்குச் சட்டப்படியான இரட்டிப்பு ஊதியத்தைச் சம்பளச் சீட்டில் காட்டித் தர வேண்டும்." கோபமும் கெஞ்சலும் இல்லாத கடிதம். கையெழுத்தைக் கீழே வரிசையாகப் போடாமல் வட்டமாகப் போட்டார்கள். முதல் கையெழுத்து யாருடையது என்று மேனேஜர் அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்ததை நான் பார்த்தேன். ஒரு பிரதியை ஸ்பீட் போஸ்டில் கம்பெனி முகவரிக்கே அனுப்பி ரசீதை வைத்துக்கொண்டார்கள்.

மேனேஜர் அடுத்த நாளே ஒவ்வொருவராக கேபினுக்குக் கூப்பிட்டார். அதையும் அவர்கள் முன்கூட்டியே பேசி வைத்திருந்தார்கள். முதலில் கூப்பிட்ட அக்கா எழுந்திருக்கவே இல்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே, "மூணு பேரா வர்றோமுங்க சார், தனியா வரலீங்க" என்றார். அந்தக் குரலில் கொஞ்சம்கூட நடுக்கம் இல்லை என்று சொல்ல மாட்டேன். நடுங்கத்தான் செய்தது. ஆனால் மூன்று பேராகத்தான் போனார்கள்.

என்ன கிடைத்தது? இரண்டே வாரத்தில் செக்கிங்குக்கு சனிக்கிழமை ஓ.டி. நின்றது. ரேட் மாறவில்லை. இரட்டிப்பு பற்றிக் கேட்டதற்கு "பார்க்கலாம்" என்ற பதிலோடு சரி. கடிதத்தின் பலம் அவ்வளவுதான். வேலை வாங்கும் முறையை அது மாற்றும். பணத்தை வெளியே எடுக்காது. ஆனால் அந்தக் கடிதமும் போஸ்டல் ரசீதும் பிறகு பணம் கேட்கப் போகும்போது சாட்சியாக நிற்கும். அதனால் எந்த வழியில் போனாலும் இதை முதல் படியாக வைத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து.

இதில் ஒரு எச்சரிக்கை. ஓ.டி.க்குச் சம்மதமில்லை என்று சொல்வது வேறு, கோபத்தில் எல்லோரும் சேர்ந்து காலை ஷிப்டுக்கே வராமல் இருப்பது வேறு. பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் சேர்ந்து முன்னறிவிப்பும் நியாயமான காரணமும் இல்லாமல் வேலைக்கு வராவிட்டால் எட்டு நாள் கூலி வரை பிடிக்க சட்டத்தில் இடம் உண்டு. எட்டு மணி நேர வேலையை ஒரு நிமிடம்கூடக் குறைக்காதீர்கள். ஐந்தரைக்குப் பிறகு மட்டும் எழுந்திருங்கள்.

அப்புறம் அரசு அலுவலகம். தொழிற்சாலைகளைப் பார்ப்பது தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம். கடை, ஷோரூம், சின்ன அலுவலகம் என்றால் தொழிலாளர் துறை. எங்கே போவது என்று தெரியாவிட்டால் முதல்வரின் முகவரி எண் 1100இல் பதிவு செய்யலாம், சம்பந்தப்பட்ட துறைக்கு அனுப்புவார்கள். இந்த வழியின் நல்ல பக்கம், உங்கள் பெயர் வெளியே போகாமல் புகார் கொடுக்கலாம். புகார் கொடுத்தது யார் என்பதை ஆய்வாளர் ரகசியமாக வைக்க வேண்டும் என்று 1948 சட்டத்தின் 118ஏ பிரிவே சொன்னது. ஆனால் முப்பது பேர் வேலை செய்யும் யூனிட்டில் ரகசியம் எத்தனை நாள் தாங்கும்? அந்த இடத்தில் இதை நம்பி இறங்காதீர்கள். ஐந்நூறு பேர் இருக்கும் கம்பெனி என்றால் தாராளமாகச் செய்யலாம்.

புகாரை எப்படி எழுதுகிறோம் என்பதில்தான் பாதி வேலை இருக்கிறது. டைம் ஆபீஸில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், "ஓ.டி.க்கு டபுள் தருவதில்லை" என்று மட்டும் எழுதினால் வருகிற அதிகாரிக்குச் சுத்தமான ரிஜிஸ்டரைக் காட்டுவோம், அவரும் பார்த்துவிட்டுப் போய்விடுவார். "மாலை 5.30க்கு பஞ்ச் போட வைத்துவிட்டு ராத்திரி 9.30 வரை வேலை நடக்கிறது, செவ்வாய், வியாழக்கிழமைகளில் 8 மணிக்கு வந்தால் அயர்னிங் டேபிளில் ஆள் இருப்பதைப் பார்க்கலாம்" என்று எழுதினால் அவர் எந்த நேரத்தில் வர வேண்டும் என்பது தெரிந்துவிடும். ராத்திரி எட்டு மணிக்கு அதிகாரி உள்ளே வந்தால் எந்த ரிஜிஸ்டராலும் அவரை ஏமாற்ற முடியாது. கம்பெனி வேன் ராத்திரி பத்து மணிக்கு யாரை எங்கே இறக்கிவிடுகிறது, கேன்டீனில் ராத்திரி எத்தனை பேருக்கு டிபன் என்பதெல்லாம்கூட எழுதலாம். அந்த பில்களை யாரும் மறைத்து வைப்பதில்லை.

ஏற்றுமதி கம்பெனிகளின் சுவரில் வெளிநாட்டு பிராண்டின் புகார் எண் ஒட்டியிருக்கும். அதில் பேசலாமா என்று பலரும் கேட்கிறார்கள். ஆர்டர் கொடுக்கிறவன் கேட்டால் முதலாளி உடனே அசைவார் என்பது உண்மை. அந்த அழுத்தத்தை ஒப்பந்தமாகவே மாற்றியதற்கு நம் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. 2022இல் கையெழுத்தான திண்டுக்கல் ஒப்பந்தம் அது. பெண் தொழிலாளர்கள் மீதான பாலியல் கொடுமைக்கு எதிராக, தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்டு காமன் லேபர் யூனியன் என்ற, பெண்கள் நடத்தும் சங்கம், ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் கம்பெனியோடும் எச் அண்டு எம் போன்ற பிராண்டுகளோடும் போட்டது. ஆனால் கவனியுங்கள், அங்கே ஒரு சங்கம் முன்னால் நின்றது. சங்கம் இல்லாமல் ஒருவர் போன் மட்டும் செய்தால், பிராண்ட் ஆர்டரை வேறு கம்பெனிக்கு மாற்றிவிட்டு ஒதுங்கிக்கொள்ளவும் கூடும். அப்போது முதலில் நிறுத்தப்படுவது டெய்லருக்குக் கைவேலை செய்து கொடுக்கும் கைமடியும் ஹெல்பரும்தான். எனக்கு இந்த வழி தனியாக வைத்துக்கொள்ளத் தக்கதாகப் படவில்லை. சங்கத்தோடு சேர்த்துப் பிடித்தால் பலமானது.

சங்கம் என்ற சொல்லைக் கேட்டதும் பலர் பின்வாங்குவார்கள். "கொடி பிடிக்கணுமா?" என்று பயம். 1918இல் சென்னை பெரம்பூரில் பி அண்டு சி மில் தொழிலாளர்கள் ஒன்று சேர்ந்ததற்கு முக்கியமான காரணங்களில் ஒன்று, சாப்பாட்டு இடைவேளை போதவில்லை என்பதுதான். அந்தக் குறையிலிருந்து பிறந்த சென்னைத் தொழிலாளர் சங்கம்தான் இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கமாகக் கருதப்படுகிறது. திரு.வி.க.வும் பி.பி.வாடியாவும் வந்து நின்றார்கள் என்றால், தொழிலாளிகள் முதலில் கூடியிருந்தார்கள் என்பதால்தான். திருப்பூரிலேயே 1984இல் பஞ்சப்படி கேட்டு 127 நாள் வேலைநிறுத்தம் நடந்தது. அந்த நாட்களில் அடுப்பு எரியாத வீடுகளைப் பற்றி இன்றைக்கும் பெரியவர்கள் பேசுவார்கள்.

நேரத்துக்காகவும் கூலிக்காகவும் நிலைத்த மாற்றம் எங்கே வந்திருக்கிறது என்று பார்த்தால், அங்கே ஒரு சங்கம் இருந்திருக்கிறது. 2023 ஏப்ரல் 21 அன்று தமிழக சட்டமன்றத்திலேயே 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தம் நிறைவேறியது. எல்லாத் தொழிற்சங்கங்களும் எழுந்தன, கூட்டணிக் கட்சிகளும் எதிர்த்தன. மூன்றே நாளில் அதை நிறுத்தி வைத்தார்கள். மே 1 அன்று முதலமைச்சரே திரும்பப் பெறுவதாக அறிவித்தார். பத்து நாளில் ஒரு சட்டத் திருத்தம் திரும்பிப் போனது.

விலையையும் சொல்ல வேண்டும். ஸ்ரீபெரும்புதூர் அருகே சாம்சங் தொழிற்சாலையில் சங்க அங்கீகாரம் கேட்டு 2024 செப்டம்பர் 9 முதல் அக்டோபர் 15 வரை, 37 நாள் வேலைநிறுத்தம். சங்கம் பதிவானது 2025 ஜனவரியில். வாரக் கூலியில் வாழும் பனியன் தொழிலாளிக்கு 37 நாள் என்பது அஞ்சு வாரச் சம்பளம், இரண்டு தவணைக் குழுக் கடன். இதற்கும் மேல், புதிய தொழிலுறவுத் தொகுப்பு வேலைநிறுத்தத்தை இறுக்கிவிட்டது. 14 நாள் முன்னறிவிப்பு இப்போது எல்லாத் தொழிற்கூடங்களுக்கும் கட்டாயம். பாதிப் பேர் பேசி வைத்துக்கொண்டு ஒரே நாளில் தற்செயல் விடுப்பு எடுத்தால் அதையும் வேலைநிறுத்தம் என்றே எண்ணும். பழைய காலம் மாதிரி ஒரு ராத்திரியில் முடிவெடுத்துக் காலையில் கேட்டில் உட்கார முடியாது. ஆகவே சங்கத்தில் சேர்வதை வேலைநிறுத்தத்தோடு முடிச்சுப் போட்டுப் பார்க்காதீர்கள். சந்தா கட்டி உறுப்பினராக இருப்பதன் முதல் பயன், சமரச அலுவலர் முன்னால் உங்களுக்காகப் பேச விஷயம் தெரிந்த ஒருவர் வருவார் என்பதுதான். டபுள் ரேட் எல்லோருக்கும், எப்போதைக்கும் வர வேண்டும் என்றால் இதைத் தவிர வேறு வழியை நான் பார்த்ததில்லை.

கடைசியாக, பிடித்து வைத்த பணம். இதைப் பற்றித்தான் குறைவாகப் பேசுகிறோம், இதில்தான் தனி ஒருவரால்கூட வெல்ல முடியும்.

அந்த 14 பேரில், கேபினுக்குத் தனியாக வரமாட்டேன் என்று சொன்ன அக்கா, தினசரி காலண்டர் தாளைக் கிழித்துத் தூக்கி எறிய மாட்டார். ராத்திரி வீட்டுக்கு வந்ததும் அன்றைய தாளின் பின்பக்கம், கம்பெனி விட்ட நேரத்தை பால்பாயின்ட் பேனாவால் எழுதுவார். 9.40. 9.35. 12.50. சில தாள்களில் கூடவே ஒரு சொல் இருக்கும், "வேன் லேட்" என்றோ "மழை" என்றோ. வாரக் கடைசியில் ஏழு தாளையும் சம்பளக் கவரோடு ரப்பர் பேண்ட் போட்டு முறுக்கு டப்பாவில் வைத்துவிடுவார். யாரும் சொல்லிக் கொடுத்துச் செய்ததில்லை. பால்காரர் கணக்கை அப்படித்தான் வைத்திருந்தார், அதே பழக்கம்.

கையில் வேறு என்ன வேண்டும்? வேன் டிரைவருக்கு அனுப்பிய வாட்ஸ்அப் மெசேஜ், "இன்னிக்கு நைட் இருக்கு, சாப்பாடு எடுத்து வைங்க" என்று வீட்டுக்கு அனுப்பிய குரல் பதிவு, சம்பளக் கவர், வங்கிக் கணக்கில் ஏறிய தொகை. இவை ஒவ்வொன்றும் தேதியோடு இருக்கும். கம்பெனியின் ரிஜிஸ்டரை ரகசியமாகப் படம் எடுக்கப் போய் மாட்டிக்கொள்ள வேண்டாம். உங்கள் நோட்டே போதும். ஊதியத் தொகுப்பின்படி, கூலி குறைவாகக் கொடுத்ததாக மனு போட்டால், முழுவதும் கொடுத்துவிட்டேன் என்று நிரூபிக்க வேண்டிய பொறுப்பு முதலாளியுடையது. உரிய அதிகாரி முன்னால் மனு போடலாம், பலர் சேர்ந்து ஒரே மனுவாகவும் போடலாம், சங்கமும் உங்களுக்காகப் போடலாம். பாக்கித் தொகையோடு, அதைப்போல் பத்து மடங்கு வரை இழப்பீடு போட அதிகாரிக்கு அதிகாரம் உண்டு. மூன்று மாதத்துக்குள் முடிக்க முயல வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. அந்தக் கெடுவை நம்பிக் கடன் வாங்காதீர்கள்.

வக்கீல் செலவுக்குப் பயந்து பலர் இங்கேதான் நின்றுவிடுகிறார்கள். 1987ஆம் வருடச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆவது பிரிவில் இலவச வக்கீலுக்கு உரிமை உள்ளவர்களின் பட்டியல் இருக்கிறது. பெண்கள், பட்டியல் இனத்தவர், பழங்குடியினர் அதில் உண்டு, தொழிற்சாலைத் தொழிலாளியும் உண்டு. வருமானச் சான்று எதுவும் வேண்டியதில்லை. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும், 15100 என்ற எண்ணிலும் பேசலாம். இத்தனை வருடத்தில் இதைப் பற்றி ஏற்கெனவே தெரிந்து என்னிடம் வந்தவர் ஒருவர்கூட இல்லை.

கான்ட்ராக்டரின் கீழ் வேலை செய்கிறவர்கள், "எங்களுக்கு முதலாளி யாருன்னே தெரியாது" என்பார்கள். கான்ட்ராக்டர் கொடுக்காத கூலியைக் கம்பெனி கொடுத்தாக வேண்டும், 1970 சட்டத்திலிருந்தே அப்படித்தான். மனுவில் இரண்டு பேரையும் எதிர்த் தரப்பாகப் போடுங்கள். ஒடிசா, பிகாரிலிருந்து வந்து கம்பெனி ஹாஸ்டலில் தங்கியிருக்கும் பிள்ளைகளுக்கு நான் கூட்டுக் கடிதத்தைக்கூடச் சொல்ல மாட்டேன். வேலை போனால் அன்றைக்கே அவர்களுக்குப் படுக்க இடமும் போகும். அவர்களுக்குப் பெயர் வெளிவராத புகார்தான் பாதுகாப்பு, அதைக் கொடுக்க வேண்டியவர்கள் அதே லைனில் பக்கத்து மிஷினில் உட்கார்ந்திருக்கும் உள்ளூர்க்காரர்கள்.

அந்த அக்கா பிறகு அந்தக் கம்பெனியை விட்டு நின்றார். நின்ற பிறகுதான் மனு போட்டார். புதிய தொகுப்புகள் வருவதற்கு முந்தைய காலம் அது. ஊதிய வழங்கல் சட்டத்தில் போட்ட மனு. நானும் அதற்குள் அங்கிருந்து வந்துவிட்டேன். பச்சை அட்டை ரிஜிஸ்டர் இருந்தது உண்மை, அதில் எழுதியவன் நான் என்று எழுதிக் கொடுத்தேன். முறுக்கு டப்பாவை அப்படியே மேஜையில் வைத்தார் அக்கா. அதிகாரி ஒவ்வொரு கட்டாக ரப்பர் பேண்டைக் கழற்றிப் பார்த்தார். கம்பெனி வக்கீல் முதலில், "காலண்டர் தாளெல்லாம் ஒரு ரெக்கார்டாங்க?" என்று கேட்டார். அதிகாரி பதில் சொல்லாமல் தாளில் இருந்த நேரங்களையும் வேன் வாடகை பில்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நாலைந்து தேதிகளைச் சரி பார்த்தார். எல்லாம் பொருந்தியது. அதன் பிறகு அந்தக் கேள்வி வரவில்லை. பதினோரு மாதம் இழுத்து, உத்தரவு போடுவதற்கு முன்பே கம்பெனி சமரசத்துக்கு வந்தது. கேட்டதில் பாதிக்கு மேல் கிடைத்தது.

அந்தப் பழைய சட்டத்தில் மனுவுக்கு 12 மாதம்தான் கெடு. டப்பாவில் மூன்று வருடத் தாள்கள் இருந்தன. ஒரு வருடத்துக்கு உட்பட்டதை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை அதிகாரி திருப்பிக் கொடுத்தார். அக்கா அவற்றை மறுபடியும் கட்டுக் கட்டாக ரப்பர் பேண்ட் போட்டு டப்பாவில் வைத்து மூடினார். இப்போதைய ஊதியத் தொகுப்பில் கெடு 3 வருடம். இன்றைக்கு மனு போட்டிருந்தால் அந்தத் தாள்களும் கணக்கில் வந்திருக்கும்.